வால்பாறையில் 'குடும்ப மழைக்காட்டு நடை'க்குப் பணம் கட்டும் முன் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள்

சென்ற செப்டம்பரில் வால்பாறைக்குப் போனோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. தங்கிய விடுதிக்காரரே 'குழந்தைகளோடு மழைக்காட்டு நடை' ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். ஆளுக்கு 1,200 ரூபாய், பிள்ளைகளுக்கும் அதே கட்டணம். 4,800 ரூபாயையும் முன்பே வாங்கிக்கொண்டார். இரண்டு கிலோமீட்டர் சமதளப் பாதை, அட்டை ஏறாத காலுறை, மழைக்கோட்டு, காட்டை அறிந்த வழிகாட்டி, வனத்துறை அனுமதி எல்லாம் அதில் அடக்கம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுத்தார்.

காலையில் வந்து நின்றது பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன். காலுறை எங்கே என்றேன். "இன்று அட்டை இருக்காது அக்கா" என்றான். இரவு முழுக்க மழை கொட்டியிருந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். இருவாச்சிப் பறவையைப் பார்க்கலாம் என்று மகள் துள்ளிக்கொண்டிருந்ததால் மனம் வரவில்லை.

தேயிலைத் தோட்டம் முடிந்து சோலைக்குள் இறங்கியதும் சமதளம் என்ற பேச்சே இல்லை. வழுக்கும் சரிவு, கணுக்காலை விழுங்கும் சேறு. மகனின் ஷூ ஒன்று புதைந்துபோய், என் கணவர் கையை விட்டுத் தோண்டி எடுத்தார். அதன்பின் பிள்ளை அவர் தோளை விட்டு இறங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆகியும் "இதோ வந்துவிட்டது" என்பதே பையனின் பதில். மகளின் கால் விரலிடுக்கில் மூன்று அட்டைகள். அவன் அவற்றைப் பிடித்து இழுத்துப் பிய்த்தான். அப்படிச் செய்யவே கூடாது. அட்டையின் வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து மெதுவாகத் தள்ள வேண்டும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. சிறிய கடிதான், ஆனால் சாக்ஸ் முழுதும் சிவந்துபோனதைப் பார்த்து அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓடையைத் தாண்டிய இடத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எதிர்ப்பட்டார். அனுமதிச் சீட்டைக் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். சீட்டே வாங்கவில்லை. நாங்கள் நின்றது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள். அனுமதியின்றி அங்கே நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விடியற்காலையில் அந்தச் சரிவில் யானைக்கூட்டம் நின்றதாகச் சொன்னார் காவலர். 2025 ஜூனில் இதே வால்பாறையில், வீட்டருகே விளையாடிய நான்கு வயதுச் சிறுமியைச் சிறுத்தை இழுத்துச் சென்றதைச் செய்தியில் படித்தவள் நான். மகனைக் கணவர் தோளிலிருந்து வாங்கி இறுக்கிக்கொண்டேன். காவலர்தான் எஸ்டேட் சாலை வரை கூடவே வந்து விட்டார். ஒரு ரூபாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கையில் கிடைத்தது 300 ரூபாய். விடுதிக்காரரோ, "காடு என்றால் சேறும் அட்டையும் இருக்கத்தான் செய்யும்" என்றார். சேற்றுக்காகவா நான் சண்டை போட்டேன்? இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லி என் பிள்ளைகளைப் புலிகள் காப்பகத்துக்குள் அனுப்பியதற்காக. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பில்லை நீட்டினார். அதில் அறை வாடகை மட்டுமே இருந்தது, நடைக்கென்று ஒரு வரிகூட இல்லை. எனவே பணம் கட்டும்போதே நடைக்குத் தனி ரசீது கேளுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்ட நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. எளிது, மிதம், கடினம் என்று ஒவ்வொன்றுக்கும் தரம் குறித்திருக்கிறார்கள். எளிதானதைத் தேர்ந்தெடுங்கள், குழந்தைகளின் வயது விதியைப் படித்துவிட்டுப் பதியுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளையும் பணம் அனுப்பிய பதிவையும் சேர்த்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. இதே போல ஏமாந்தவர்கள் உங்கள் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.