வீடு மாறும்போது கரண்ட், கேஸ், தண்ணீர், நெட்: கோவையில் யாருக்கு எத்தனை மார்க்

ஈரோட்டிலிருந்து கோவைக்கு மாறி வடவள்ளிப் பக்கம் ஒரு பழைய வீட்டைக் கிரயம் வாங்கிக் குடி வந்திருக்கிறோம். வீடு தேடுவதை விட கரண்ட், கேஸ், தண்ணீரையெல்லாம் நம் பேருக்கு மாற்றுவதுதான் பெரிய தலைவலி, அதிலும் ஈபி ஆபீஸ் என்றால் செருப்புத் தேய நடக்கணும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நடந்தது நேர்மாறு.

ஈபிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பெயர் மாற்றத்துக்கு மின்வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பித்து, கிரயப் பத்திரம், ஆதார் எல்லாம் ஏற்றி, பணமும் கட்டிவிடலாம். ஆனால் இவ்வளவு சுலபமாக முடிந்ததற்குப் பாதிக் காரணம் என் மாமனார். "பத்திர ஆபீஸ்ல கையெழுத்துப் போடற அன்னைக்கே சம்மதக் கடிதத்துலயும் ஒரு கையெழுத்து வாங்கிருங்க மாப்ள, பணம் கை மாறுனதுக்கப்புறம் எவனும் போனை எடுக்கமாட்டான்" என்றார். அந்தக் கடிதம் இருந்தால் விற்றவர் கட்டிய டெபாசிட்டும் நம் பேருக்கு வந்துவிடும், இல்லையென்றால் உறுதிமொழி எழுதிக் கொடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

அன்றைக்கே மீட்டரையும் போட்டோ எடுத்துவிடுங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான், அதனால் நடுவில் குடி வந்தால் பழையவர்கள் ஓட்டிய ஏசியும் நம் பில்லில்தான் ஏறும். அதில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கும் கிடைக்கிற குறைந்த கட்டணம் போய்விடும், பில் குபீரென்று எகிறும். மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அதற்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் 500 எல்லாம் ரொம்பப் பக்கம். அப்புறம், போனில் சேமித்து வைத்திருக்கும் 04-ல் ஆரம்பிக்கிற ஈரோட்டு இணைப்பு எண்ணை அழித்துவிடுங்கள், கோவைக்கு 03. பழைய வீட்டுக்காரர் பில்லை நாம் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேஸ் ஏஜென்சிக்கு ஒன்று, அதுவும் சிலிண்டர் போடும் தம்பிக்காக. பேர் சொல்லவில்லை. பழைய ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டோடு போனால் கவுண்டரில் இருந்த அம்மா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "அடுப்பு இங்கயே எடுத்தாத்தானுங்க கனெக்‌ஷன்" என்கிறார். வீட்டில் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கிறதே என்றால், "அதெல்லாம் ஆகாதுங்க". அடுப்பை ஏஜென்சியில்தான் வாங்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது, வேண்டுமானால் ஆள் வந்து சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதை எழுதிக் கொடுங்கள், கம்பெனிக்கே அனுப்பிக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் மேனேஜர் வெளியே வந்தார், அடுப்புப் பேச்சு அதோடு நின்றது. டியூபை மட்டும் நானே புதிதாக வாங்கினேன், ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபுக்கு ஆயுள் 5 வருடம், எங்களுடையது முடியும் நிலையில் இருந்தது. கேஸ் கசிந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தண்ணீருக்கு முதலில் சொத்து வரியில் பேர் மாற வேண்டும், அதை முடித்துவிட்டுக் குடிநீர் இணைப்புக்குப் போங்கள். நமக்கு சிறுவாணி. ருசிக்குத் தனியாக மார்க் போட வேண்டியதில்லை, ஈரோட்டிலிருந்து வந்த என் அம்மா காவிரியை விட்டுக்கொடுக்க மாட்டார், அவரே இரண்டாவது டம்ளர் கேட்டார். போர் தண்ணி உப்பு, அது துணி துவைக்கவும் செடிக்கும்தான், அதனால் சம்ப் இரண்டாகப் பிரித்திருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

நெட்டுக்கு விளம்பரம் பார்த்துப் பெரிய கம்பெனியில் பதிவு செய்தோம், இந்தத் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை என்று குறுஞ்செய்தி வந்தது. கடைசியில் கேபிள் டிவி அண்ணன்தான் வந்து இழுத்துக் கொடுத்தார், மூன்றரை மார்க். மழை பெய்தால் அரை மார்க் குறையும்.