சுற்றுச்சாலைக்கு நிலம்: எடுப்பதா, திரட்டுவதா?

சுற்றுச்சாலைக்கு வரைபடத்தில் கோடு போட்ட அன்றே ஊரில் இரண்டு வகை நிலக்காரர்கள் உருவாகிவிடுகிறார்கள். கோட்டுக்குள் சிக்கியவருக்கு நிலம் போகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காலணா செலவில்லாமல் சாலையோர மனைக்குச் சொந்தக்காரராகிறார். நிலத்தைக் கையகப்படுத்துவதா, எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டுவதா என்ற கேள்வியே இந்த இருவருக்கும் இடையிலான கணக்குதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நகர விளிம்பில் திரட்டுவதே மேல். ஆனால் அகமதாபாத் செய்த விதத்தில். ஆந்திரத் தலைநகருக்காக அமராவதி செய்த விதத்தில் அல்ல.

கையகப்படுத்துதலுக்கு இப்போதைய அடிப்படை 2013ஆம் ஆண்டுச் சட்டம். நகர்ப்புறத்தில் சந்தை மதிப்பைப் போல இரு மடங்கு, கிராமப்புறத்தில் நான்கு மடங்கு வரை இழப்பீடு என்பது காகிதத்தில் தாராளம்தான். ஆனால் அந்தச் சந்தை மதிப்பை எங்கிருந்து எடுக்கிறார்கள்? வழிகாட்டி மதிப்பிலிருந்தும் பதிவான கிரயப் பத்திரங்களிலிருந்தும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் நம் பழைய வழக்கம் அப்போதுதான் திரும்பி வந்து கடிக்கிறது.

அரசுக்கும் இது சுலபமில்லை. பெங்களூரின் புறவட்டச் சாலைக்கு 2007இல் இறுதி அறிவிக்கை வந்தது. 2013 சட்டப்படி இழப்பீடு வேண்டும் என்று விவசாயிகள் கேட்டார்கள். பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் பழைய சட்டமே போதும் என்றது அரசுத் தரப்பு. 2022இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. இத்தனை ஆண்டுகளில் சாலை வரவில்லை; அறிவிக்கைக்குள் சிக்கிய நிலத்தை விற்கவும் முடியாமல் வீடு கட்டவும் முடியாமல் உரிமையாளர்கள் தவித்ததுதான் மிச்சம்.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. ஓடும் சென்னை வெளிவட்டச் சாலை, கையகப்படுத்துதல் வெற்றி பெற்றால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம். முதல் பகுதி 2014இல் திறந்தது, இரண்டாவது 2021இல். 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்து, சாலைக்கும் பின்னாளைய ரயிலுக்கும் போக 50 மீட்டரை வளர்ச்சிக்கென ஒதுக்கியது நல்ல முன்யோசனை. இருந்தும் அந்த 122 மீட்டருக்கு வெளியே ஏறிய விலையெல்லாம் பக்கத்து நிலக்காரருக்கே போனது.

அகமதாபாத்தின் சர்தார் படேல் சுற்றுச்சாலை 76 கி.மீ. நீளம், 60 மீட்டர் அகலம். குஜராத்தில் இதற்கான வழி நகரமைப்புத் திட்டம். 1915ஆம் ஆண்டு பம்பாய் சட்டத்தின் வாரிசு, இப்போது 1976 சட்டத்தின் கீழ் நடக்கிறது. நகர எல்லைக்குள் என்றால் மாநகராட்சி இதைக் கையில் எடுக்கும். வெளியே என்றால் நகர வளர்ச்சி ஆணையம். ஒரு பகுதியின் நிலங்களை எல்லாம் ஒன்றாக வைத்து, சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாக அதே பகுதியில் திருப்பித் தருகிறார்கள். பிடித்தம் பெரும்பாலும் 40 விழுக்காடு அளவில் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் ஒரு ஏக்கர் கொடுத்தவருக்கு 60 சென்ட் திரும்ப வரும். சென்ட் விலை மூன்றில் இரண்டு பங்கு உயர்ந்தாலே அவருக்கு நட்டமில்லை. வண்டிப்பாதை மட்டுமே இருந்த வயலுக்குச் சாலை முகப்பு கிடைத்தால் விலை அதைத் தாண்டிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தது ‘எஃப்’ படிவம். ஒவ்வொரு உரிமையாளருக்கும் அதில் தனிப் பதிவு உண்டு: பழைய மனையின் பரப்பும் மதிப்பும், புதிய மனையின் பரப்பும் மதிப்பும், பெற வேண்டிய இழப்பீடு, கட்ட வேண்டிய மேம்பாட்டுப் பங்கு, இரண்டையும் கழித்து வரும் நிகரத் தொகை. மதிப்பு உயர்வில் பாதி வரை பங்காகக் கேட்கலாம் என்பதால் அரசு பணமாகக் கொடுப்பது சொற்பம். யாருக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதை அடுத்தவரும் பார்க்கலாம்.

இறுதித் திட்டம் முடியப் பல ஆண்டுகள் ஆகும் என்பது இந்த முறையின் பெரிய நோய். வரைவுத் திட்டம் ஒப்புதல் பெற்றதுமே சாலைக்கான நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற 1999 திருத்தம் வராமல் இருந்திருந்தால், இதுவும் பெங்களூர்க் கதையாகியிருக்கும்.

அமராவதியும் நிலத் திரட்டுதான். 2015இல் தொடங்கி ஏறத்தாழ 34,000 ஏக்கர் சேர்ந்தது. மானாவாரி நிலம் ஒரு ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனை, 250 சதுர கஜம் வணிக மனை. ஏக்கர் என்பது 4,840 சதுர கஜம். ஆக, திரும்பி வருவது 26 விழுக்காடு. விலை ஏறத்தாழ நான்கு மடங்கானால்தான் விவசாயிக்குக் கை கடிக்காது. பத்தாண்டுகளுக்கு ஆண்டுத்தொகை உண்டு என்றாலும், விவசாயி நம்பியது இன்னும் கட்டப்படாத ஒரு தலைநகரத்தை. 2019இல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகரம் என்றார்கள், நிலம் கொடுத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2024இல் மறுபடி ஆட்சி மாறிய பிறகே வேலை சூடுபிடித்தது. அகமதாபாத்தில் சாலை தாமதமானாலும் விவசாயி அதே பகுதியில் மனைக்கு உரிமையாளர். அமராவதியில் அரசாங்கம் மாறினால் அவர் கையில் ஒப்பந்தத் தாள்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அமராவதி மேல். நிலமில்லாத குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் ஓய்வூதியம் என்று திட்டத்திலேயே எழுதினார்கள். தொகை போதாது, ஆனாலும் எஃப் படிவத்தில் கூலித் தொழிலாளிக்கு இடமே கிடையாது.

மூன்றாவதாக, நிலத்துக்கு ஈடாக மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை, அதாவது வேறிடத்தில் கூடுதல் மாடி கட்டவோ பிறருக்கு விற்கவோ கூடிய உரிமை தரும் முறை நகருக்குள் சாலையை அகலப்படுத்தத்தான் பயன்படும். வெறும் நிலம் தாராளமாகக் கிடைக்கும் புறநகரில் கூடுதல் மாடிக்கான உரிமையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

தமிழ்நாட்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் நிலத் திரட்டுக்குத் திருத்தம் வந்துவிட்டது. சென்னை விளிம்பில் அதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் அங்கே இருக்கும் மனைகளின் அளவைப் பார்க்க வேண்டும். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி வாங்கிப் போட்டிருப்பவரிடம் 40 விழுக்காடு பிடித்தால் 720 சதுர அடிதான் மிஞ்சும். அவர் நேராக நீதிமன்றத்துக்குத்தான் போவார். வயல் வயலாக இருக்கும்போதே, மனைப்பிரிவுக் கற்கள் நடப்படுவதற்கு முன்பே திட்டம் அறிவிக்கப்பட வேண்டும். மனைகளாக உடைந்துவிட்ட இடத்தில் திரட்டு நடக்காது. அங்கே பணம் கொடுத்துக் கையகப்படுத்துவதுதான் வழி.