செட்டிநாட்டு வீடு என்ன பாணி? இந்தோ-சாரசனிக், ஐரோப்பிய செவ்வியல், ஆர்ட் டெக்கோ: ஓர் அலசல்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் 1900க்கும் 1940க்கும் இடையில் எழுந்த பெரிய வீடுகளுக்குப் பாணிப் பெயர் சொல்வதில் நிறைய குழப்பம் இருக்கிறது. ஒரே வீட்டை ஒருவர் இந்தோ-சாரசனிக் என்பார், இன்னொருவர் ஐரோப்பிய செவ்வியல் என்பார், மூன்றாமவர் ஆர்ட் டெக்கோ என்பார். ‘செட்டிநாட்டுப் பாணி’ என்று பொதுவாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அது உள்ளமைப்புக்குத்தான் பொருந்தும். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தலைவாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி போகும் அந்த அமைப்பு இந்தக் காலம் முழுக்கப் பெரிதாக மாறவில்லை. மாறியது தெருவைப் பார்க்கும் முகம். பாணியை அங்கேதான் தேட வேண்டும்.

இந்தோ-சாரசனிக் என்ற பெயரை முதலில் தள்ளிவிடலாம். 1892இல் முடிந்த சென்னை உயர் நீதிமன்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: செங்கல் சிவப்பு, குமிழ்க் கோபுரங்கள், இஸ்லாமிய வளைவுகள். அது பெரும்பாலும் அரசும் சமஸ்தானங்களும் கட்டிய பாணி. செட்டிநாட்டில் அதன் சாயல் அங்கங்கே உண்டு, ஆனால் ஒரு வளைவைப் பார்த்ததுமே வீடு முழுவதற்கும் அந்தப் பெயரைச் சூட்டுவது தவறு.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். செவ்வியல் முகப்பில் அரைவட்ட வளைவுகள் வரிசையாக நிற்கும். தூண்களின் தலையில் இலை விரிந்திருக்கும். மாடியில் குட்டித்தூண் கைப்பிடிச் சுவர். அதற்கு மேலே சுதையில் கஜலட்சுமி, பக்கத்திலேயே துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்! பர்மா, மலாயா, இலங்கை என்று தொழில் செய்தவர்கள் துறைமுக நகரங்களில் பார்த்ததை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு எல்லாம் இந்த அலையின் செல்வம். 1912இல் ராஜா அண்ணாமலை செட்டியார் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனை இதற்குப் பெயர்போன உதாரணம்.

ஆர்ட் டெக்கோ 1930களில் வந்தது. அதில் சிற்பம் குறைந்து கோடு பேசும். மூலைகள் வளைந்து திரும்பும். ஜன்னலுக்கு மேல் மெல்லிய கான்கிரீட் சன்ஷேட் நீளமாக ஓடும். கைப்பிடிச் சுவர் படிப்படியாக உயரும். இரும்புக் கிரில்லில் உதயசூரியனின் கதிர்களும் வட்டங்களும் இருக்கும். கானாடுகாத்தானில் இப்போது விடுதியாக இருக்கும் விசாலம் வீடு இந்த வகை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்து வந்த வருமானம் அடியோடு போயிற்று. ஆகவே ஆர்ட் டெக்கோ வீடுகள் செட்டிநாட்டின் கடைசிப் பெரிய கட்டட அலை. என்னைக் கேட்டால், செவ்வியல் மாளிகைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ‘சாதாரண பழைய வீடு’ என்று இடித்துவிடுகிறார்கள்.

ஏமாற்றும் தடயங்களும் உண்டு. ஆத்தங்குடி ஓடு இன்றும் கண்ணாடி மேல் கலர் சிமெண்டை ஊற்றித் தயாராகிறது. அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது. தேக்குத் தூணும் அப்படித்தான். இடித்த வீட்டின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து புது ரிசார்ட்டுகளுக்குப் போகின்றன.

சில வீடுகளில் இரண்டும் கலந்திருக்கும்: உள்ளே சுண்ணாம்புச் சுவரும் மரத்தூணும், தெருப்பக்கம் மட்டும் பின்னால் சேர்த்த டெக்கோ முகம். அங்கே ஒரே பெயர் சூட்டக் கூடாது. ‘செவ்வியல் கால வீடு, டெக்கோ முகப்பு’ என்று இரண்டையும் எழுதி வையுங்கள். முகப்பில் ஆண்டு பொறித்திருந்தால், அது வீட்டுக்கா அந்த முகப்புக்கு மட்டுமா என்று பூச்சைத் தட்டிப் பாருங்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் சேரும் இடத்தில் கோடு தெரியும்.