பழைய மேல்திறப்பு கார் வாங்குவோருக்கு: இரண்டு மெர்சிடிஸ், ஒரு ஜாகுவார், டர்பன் மழை

போன நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மாமா மகளின் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் தம்பி தன் 2004 மெர்சிடிஸ் எஸ்எல்500-ஐக் கழுவித் துடைத்து, மாலை கட்டிக் கொண்டுவந்தான். கோயில் வாசலில் கூரையைத் திறக்கப் பொத்தானை அழுத்தினான். பூட் (பின்புறச் சாமான் பெட்டி) மூடி எழுந்தது, கூரை பாதி மடங்கியது, அப்படியே நின்றுவிட்டது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. பத்தே நிமிடத்தில் மழை. மாப்பிள்ளை வேறு காரில் போனார். நாங்கள் நாலு பேர் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் தம்பி கேட்டான்: "அண்ணா, இதை வித்துட்டு ஜாகுவார் வாங்கட்டுமா? இல்ல உங்க மாதிரி பழைய எஸ்எல்லா?"

ஒன்பது வருடமாக ஒரு பழைய எஸ்எல் வைத்திருக்கிறேன். அதற்கு முன் சித்தப்பாவின் ஜாகுவாரை அவருக்காகப் பட்டறைக்கும் வீட்டுக்கும் ஓட்டியிருக்கிறேன். அதனால் அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். மூன்று கார்கள்: 1989 முதல் 2001 வரை வந்த ஆர்129 எஸ்எல், அதற்கு அடுத்து 2011 வரை வந்த ஆர்230 எஸ்எல், 1996 முதல் 2006 வரை வந்த ஜாகுவார் எக்ஸ்கே8. (ஆர்129, ஆர்230 என்பவை எஸ்எல்லின் தலைமுறைக் குறியீடுகள்.) வாங்கும் விலையை வைத்து இவற்றை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். எந்தப் பழுது சொட்டுச் சொட்டாக எச்சரிக்கும், எது ஒரே நாளில் காரை நிறுத்தும் என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் தம்பியின் கார், ஆர்230. ஓட்டுவதற்கு மூன்றிலும் இதுதான் சுகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவை மூடினால் வங்கிப் பெட்டகம் மூடியதுபோல இருக்கும். ஆனால் அந்தச் சுகத்தின் பாதி ஏபிசி என்கிற ஹைட்ராலிக் சஸ்பென்ஷனிலிருந்து வருகிறது. என்ஜினோடு சுற்றும் ஒரு பம்ப் நான்கு சக்கரங்களின் ஸ்ட்ரட்டுக்கும் (காரைத் தாங்கும் தூணுக்கும்) ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் எண்ணெய் அனுப்புகிறது. குழாய்களும், நைட்ரஜன் நிரப்பிய அக்யுமுலேட்டர்களும், வால்வுகளும் வயதானால் ஒவ்வொன்றாகப் போகும். காலையில் கார் ஒரு மூலையில் படுத்துக் கிடந்தால் வால்வுப் பெட்டி கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்ட்ரட் புதிதாக மாற்ற ஏஜென்ட்ஸ், அதாவது கம்பெனி டீலர், தம்பிக்குச் சொன்ன தொகை 36,000 ரேண்ட், வாட் தனி. ஒன்றோடு அது நிற்பதும் இல்லை. ஒன்று போன காரில் மற்ற மூன்றுக்கும் அதே வயதுதானே.

அடுத்து பிரேக். எஸ்பிசி என்ற மின்-ஹைட்ராலிக் முறை. பெடலை எத்தனை முறை மிதித்தீர்கள் என்று அதன் யூனிட் எண்ணிக்கொண்டே வரும். ஏறக்குறைய 3,00,000 தடவை ஆனதும் எச்சரிக்கை விளக்கு எரியும். அது முழுக்கச் செயலிழந்தால் முன்சக்கர பிரேக் மட்டும், அதுவும் பெடலை ஆழமாக அழுத்தினால்தான் பிடிக்கும். உம்லாங்காவுக்குக் கடலோர எம்4 சாலையில் போகும்போது அந்த விளக்கைப் பார்த்தால் வயிறு கலங்கும். பிரேக் பேட் மாற்றுகிறேன் என்று வீட்டு வாசலில் யாரும் கைவைக்காதீர்கள். கதவைத் திறந்தாலே அந்தப் பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றும், விரல் நசுங்கிவிடும். முறையான கருவியால் அதைத் தூங்கவைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

அப்புறம் கூரை. கல்யாணத்தன்று நின்றதற்குக் காரணம் தேடி ஒரு பட்டறைக்குப் போனோம். முழுப் பம்ப்பையும் மாற்ற வேண்டும், 30,000 ரேண்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, கூரையின் நிலையைச் சொல்லும் சின்ன ஸ்விட்ச் ஒன்று செத்திருக்கிறது என்றார். உழைப்போடு 2,400 ரேண்ட். கூரை நின்றால் முதலில் எண்ணெய் அளவு, பின்புற பேட்டரி, ஸ்விட்ச், இந்த வரிசையில் பாருங்கள். பம்ப் கடைசி. பூட் பெட்டிக்குள் மழைநீர் இறங்குகிறதா என்றும் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். அங்கே இருக்கும் மின்சாரப் பெட்டிகள் நனைந்தால் கதவுப் பூட்டும் சாவியும் பைத்தியம் பிடித்ததுபோல நடந்துகொள்ளும்.

ஆர்230 தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஏபிசி இல்லாமல் சாதாரண ஸ்பிரிங் உள்ள எஸ்எல்350-ஐத் தேடுங்கள், அதுவும் 2006-க்கு முந்தைய 3.7 லிட்டர் வி6. அதற்குப் பின் வந்த 3.5 லிட்டரின் ஆரம்பகால என்ஜின்களில், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் தேயும். அதை மாற்ற என்ஜினையே இறக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்கே8 அழகுக்கு ஈடு கிடையாது. சித்தப்பா அதை நிறுத்திவிட்டுப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பார். ஆனால் 2000-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய 4.0 லிட்டர் என்ஜினில் சிலிண்டர் சுவருக்கு நிக்காசில் என்ற நிக்கல் கலவைப் பூச்சு. கந்தகம் அதிகமுள்ள பெட்ரோல் அதை அரிக்கும். தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் எவ்வளவு தாமதமாகச் சுத்தமானது என்பதற்கு, ஈயம் கலந்ததே 2006 தொடக்கத்தில்தான் நின்றது என்பதை நினைவில் வையுங்கள். கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) செய்யாமல் அந்தக் காலத்துக் காரை வாங்கவே வேண்டாம். வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்கள் பிளாஸ்டிக். அவை வெடித்து உடைந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், என்ஜின் போச்சு. முன்னாலேயே உலோக உடம்புள்ள புதியவை போட்டுவிட்டால் அந்தப் பயம் தீரும். சித்தப்பாவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 15,000 ரேண்டுக்குள் முடிந்தது. கூரைப் பூட்டுக்குப் போகும் ஹைட்ராலிக் குழாய் ஒருநாள் ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவின் தலைக்கு மேலேயே வெடித்து, பச்சை எண்ணெய் அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம். அந்தக் குழாயை மாற்றும்போதே பம்ப்பின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரையும் போட்டுவிடலாம். 2003 மாடல் முதல் வந்த 4.2 லிட்டரில் இந்த என்ஜின் தொல்லைகள் இல்லை. ஜாகுவார் என்றால் அதுதான். தரைத்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் கீழே படுத்துப் பாருங்கள். டர்பன் உப்புக்காற்று யாரையும் விடாது.

என் ஆர்129-க்கும் குறை உண்டு. துணிக்கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்களின் சீல்கள் காய்ந்து கசியும். முதலில் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழும். அப்புறம் மாதங்கள் கழித்து இன்னொன்று. புது சிலிண்டர் வாங்காதீர்கள், கழற்றி சீல் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எனக்கு ஆறு சிலிண்டருக்கு 11,000 ரேண்ட். 1992 முதல் 1995 வரையிலான கார்களில் என்ஜின் வயரிங்கின் உறை பொடிப்பொடியாக உதிரும், அதை முழுசாக மாற்றுவது பெரிய செலவு. அதனால் நான் 1998-க்குப் பிந்தையதையே எடுத்தேன். அதில் வி8 எளிமையான என்ஜின், ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மொத்தம் பதினாறு என்பது மட்டும் எரிச்சல். பிரேக் சாதாரண பிரேக். ஸ்பிரிங் சாதாரண ஸ்பிரிங். என் காரில் இருக்கிற பைரேட் பார்ட்ஸ் (கம்பெனி அல்லாத மாற்று உதிரிபாகங்கள்) எதுவும் இதுவரை என்னைச் சாலையில் நிறுத்தவில்லை. சென்சார், ரிலே மட்டும் ஒரிஜினலாக வாங்குவேன்.

எதை வாங்கினாலும் பெயர் மாற்ற ரோட்வொர்தி சான்றிதழ், அதாவது சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று, வேண்டும். ஆனால் அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். கூரை மூடித் திறக்கிறதா என்று அங்கே யாரும் சோதிப்பதில்லை. கூரையை நீங்களே இரண்டு தடவை திறந்து மூடிப் பாருங்கள், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, அரை மணி ஓட்டிய பிறகு மறுமுறை. ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) கார்களில் துரு குறைவு. ஆனால் அந்த வெயிலில் துணியும் பின்புறப் பிளாஸ்டிக் கண்ணாடியும் வெளுத்து வெடித்திருக்கும், ஆலங்கட்டி மழையின் பள்ளங்களும் இருக்கலாம்.

தம்பி எஸ்எல்500-ஐ விற்க விளம்பரம் போட்டிருக்கிறான், ஏபிசி பில்களையும் சேர்த்துக் காட்டுவதாக. அடுத்த சனிக்கிழமை டொங்காட்டில் ஒரு 1999 ஆர்129 பார்க்கப் போகிறோம். நான் டார்ச்சும், உள்ளே உட்கார்ந்து பார்க்கும்போது மடியில் விரிக்க ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துவைத்திருக்கிறேன். சொட்டு விழுந்தால் அதில் தெரியும்.