ஓடை வண்டு பார்க்க 10 மடங்கு லென்ஸ்: வாங்கலாமா?

மலேசியாவின் சபா மாநிலத்தில் மலை ஓடைப் பக்கம் போகிற நண்பர்களிடமெல்லாம் ஒரு லென்ஸ் வாங்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அதனால் நான் வைத்திருப்பதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். 10 மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ், 21 மி.மீ. அகலம், உள்ளே மூன்று கண்ணாடிகளை ஒட்டியிருப்பார்கள். ஒற்றைக் கண்ணாடி வகையில் பூச்சியின் ஓரமெல்லாம் நீலமும் சிவப்புமாகக் கசியும், இதில் அந்தத் தொல்லை இல்லை.

நான் இதில் பார்ப்பது எல்மிடே என்ற குடும்பத்து வண்டுகளை, குரூவெல்லினஸ் என்ற பேரினம் அதில் ஒன்று. நீளம் 3 மி.மீ. வந்தால் பெரிது. நீர்வண்டு என்று சொன்னாலும் நீந்தாது, நீண்ட நகங்களால் கல்லைப் பற்றிக்கொண்டு ஓடுகிற தண்ணீருக்குள்ளேயே நடக்கும். வெள்ளை டப்பா மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதில் விட்டு லென்ஸில் பாருங்கள், அடிப்பக்கம் பளபளவென்று வெள்ளியாக மின்னும்! அது காற்று. நெருக்கமாக முளைத்த நுண்மயிர்கள் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் அதற்குள் வந்துகொண்டே இருப்பதால் மூச்சு வாங்க மேலே வர வேண்டியதே இல்லை. சோப்பு கலந்தால் அந்தப் படலம் உடைந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஓடையில் சோப்பு போட்டுத் துணி துவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

20 மடங்கு வாங்காதீர்கள். 10 மடங்குக்கு வண்டிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி லென்ஸைப் பிடித்தால் போதும், 20 மடங்கில் அது ஒன்றேகால் செ.மீ. ஆகிவிடும், உங்கள் நிழலே வண்டின் மேல் விழும், லென்ஸும் நனையும், வண்டு நகர்ந்தால் அவ்வளவுதான்.

இனம் எது என்று இந்த லென்ஸ் சொல்லாது, அதற்கு ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் கண்டெடுக்க நிபுணராக இருக்க வேண்டும் என்பதில்லை. இதே சபாவின் மாலியாவ் படுகையில், ஆய்வாளர்களோடு சாதாரண மக்களும் சேர்ந்து போன பயணத்தில்தான் ஒரு புது குரூவெல்லினஸ் இனம் கிடைத்தது, 2018இல் அதற்கு நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவின் பெயரை வைத்தார்கள்.

குறை என்றால், மடக்கும் இடத்துத் திருகு அடிக்கடி தளர்கிறது, சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கூடவே இருக்கட்டும். கழுத்துக் கயிறு தனியாக வாங்க வேண்டும். அப்புறம், பூங்காக்களுக்குள் எதையும் பிடிக்கக் கூடாது, வெளியே அனுமதி உள்ள ஓடையில் பாருங்கள், தூக்கிய கல்லை இருந்தபடியே திரும்ப வையுங்கள்.