ஏற்காட்டுக்கு இரண்டு லட்ச ரூபாய் பைனாகுலர் தேவையா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேர்வராயன் மலையில் பறவை பார்க்க, பத்தாயிரம் ரூபாய் பைனாகுலரை விட்டு முப்பது, நாற்பதாயிரத்துக்கு ஏறுவது கொடுத்த காசுக்கு முழுக்கப் பெறும். அங்கிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் போவது மிகச் சிலருக்கு மட்டுமே பொருந்தும்.

ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ், லைகா என்ற மூன்று ஐரோப்பிய நிறுவனங்களின் உயர்விலை பைனாகுலர்களுக்கு அங்குள்ள வேட்டைக்காரர்கள் முக்கிய வாடிக்கையாளர்கள். காட்டுப்பன்றியும் மானும் புதரை விட்டு வெளியே வருவது அந்தி நேரத்தில் என்பதால், மங்கல் வெளிச்சத்தில் எவ்வளவு ஒளியைக் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதை வைத்தே அங்கே பைனாகுலருக்கு மதிப்பு. 8×56 (எட்டு மடங்கு பெருக்கம், 56 மி.மீ. அகல முன் லென்ஸ்) என்ற கனத்த வகை பிறந்ததும் அதற்காகத்தான். இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. நமக்கு வேலை நேரம் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை.

இன்னொன்றும் உண்டு. சேலத்தில் சூரியன் மறைந்த பிறகு கண்ணுக்கு உதவும் அந்தி வெளிச்சம் 21 முதல் 23 நிமிடம்தான் நிற்கும். ஆஸ்திரியாவில் அது அரை மணி நேரம். கோடையில் நாற்பது நிமிடத்தைத் தொடும். அந்த நீண்ட அந்திக்காகச் சேர்த்த விலையை நம் ஊர்க் குட்டி அந்திக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். முன் லென்ஸின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ., 10×42-க்கு 4.2, 8×32-க்கு 4. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி விரிவது 2 முதல் 3 மி.மீ. மட்டுமே. அதனால் பத்து மணி வெயிலில் 8×32-ம் 8×42-ம் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். காபிச் செடிகளுக்கு அடியில், சில்வர் ஓக் நிழலில், ஆறுமணிக்குருவி சருகைக் கிளறும் இடத்தில் 42 கைகொடுக்கும். 56-க்கு அங்கேயும் வேலை இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்குக் கண்மணி இருட்டிலும் 5 மி.மீ. அளவுக்கு மேல் விரிவதில்லை.

உள்ளே நுழையும் ஒளியில் எத்தனை சதவீதம் வெளியே வருகிறது என்பது விளம்பரங்களின் பெரிய எண். ஸ்வரோவ்ஸ்கி என்எல் ப்யூர் 8×42-க்குச் சொல்லப்படுவது 91 சதவீதம். நல்ல நடுவிலை மாடல்கள் 85-க்குச் சற்று மேலே நிற்கும். இந்த ஐந்து சதவீத வித்தியாசத்தைக் கண் பிரித்தறியாது. கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் 4 சதவீத ஒளி வீணாகும். உள்ளே பத்துக்கு மேற்பட்ட பரப்புகள் இருக்கும். எல்லாப் பரப்புக்கும் பல அடுக்குக் கோட்டிங், நேர்க்குழல் மாடலானால் பிரிசத்துக்கு (படத்தை நிமிர்த்தும் உள் கண்ணாடிக் கட்டி) கூர்மையைக் காக்கும் ஃபேஸ் கோட்டிங், ஒளியைச் சிந்தாமல் திருப்பும் டைஎலெக்ட்ரிக் கோட்டிங், இவை இருந்தாலே பெரிய இழப்பு நின்றுவிடும். முப்பதாயிரம் ரூபாய் அளவிலேயே இவை இப்போது கிடைக்கின்றன.

ஏற்காட்டில் காசு உண்மையில் வேலை செய்யும் இடம் பார்வைப் பரப்பு. ஆயிரம் மீட்டர் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் தெரிகிறது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நிகான் மோனார்க் எம்5 8×42-க்கு அது 112 மீட்டர், மோனார்க் எம்7-க்கு 145, என்எல் ப்யூருக்கு 159. எஸ்டேட்டுக்குள் பறவை இருபது மீட்டரில்தான் இருக்கும். அந்தத் தூரத்துக்கு மாற்றினால் எம்5 காட்டுவது 2.24 மீட்டர் அகலம், எம்7 காட்டுவது 2.9, என்எல் ப்யூர் காட்டுவது 3.18. எம்5-ஐ விட்டு எம்7-க்குப் போனால் 66 செ.மீ. கூடுகிறது. அதற்கு மேல் லட்சக்கணக்கில் செலவழித்தால் 28 செ.மீ. இலைக்கு இலை தாவும் கதிர்குருவியைப் பிடிக்க முதல் 66 செ.மீ. பெரிய உதவி. என்எல் ப்யூரில் விளிம்பு வரை படம் கூர்மையாக இருக்கும், எம்7-இல் ஓரம் குழையும். ஆனால் பறவையை நடுவில் வைத்துத்தானே பார்க்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விலை உயர்ந்ததற்கு நிகர் இல்லை. அது மூடுபனி. பனி சூழ்ந்த காலையில் வானம் முழுக்க ஒரே வெள்ளைத் திரையாகி, எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் லென்ஸுக்குள் பாயும். குழலுக்குள் கருப்புத் தடுப்புகள் சரியாக அமையாவிட்டால் அந்தச் சிதறொளி படத்தின் மேல் சாம்பல் பூசியதுபோல் படியும். சில்வர் ஓக் உச்சியில், வெள்ளைப் பின்னணியில், பத்து செ.மீ. நீளக் கதிர்குருவி ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். சிறகில் மெல்லிய வெளிர்கோடு ஒன்றா, இரண்டா? உச்சந்தலையில் பட்டை உண்டா? இனம் தீர்மானமாவது இதை வைத்துத்தான். மலிவான பைனாகுலரில் அங்கே வெறும் நிழலுருவம் தெரியும், கூடவே விளிம்பில் ஊதாக் கோடு. நடுவிலை மாடலில் உள்ள ஈடி கண்ணாடி (நிறங்கள் சிதறுவதைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடி) ஊதாவைப் பெருமளவு போக்கிவிடும், சாம்பல் திரை கொஞ்சம் மிஞ்சும். உயர்விலை மாடலில் இரண்டும் அடங்கி, வயிற்றுப் பக்கத்து மங்கலான மஞ்சள்கூடப் பிடிபடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாரந்தோறும் மலையேறி வலசைக் குருவிகளைக் கணக்கெடுப்பவருக்கு இது ஆடம்பரம் இல்லை.

ஆனால் லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் நகரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெரிய விலை கொடுக்காதீர்கள். நடுவில் கிடப்பது தூசியும் வெப்பக் காற்றின் நெளிவும். எந்தக் கண்ணாடியும் அதைத் தாண்டாது. பெருக்கம் கூடக்கூட நெளிவும் கூடும்.

10× வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தூரத்து வாத்துகளைப் பார்க்கச் சரிதான். மலைத் தோட்டத்துக்கு 8×. கை நடுக்கமும் பத்து மடங்காகும், ஒளிவட்டம் சிறுக்கும், பார்வைப் பரப்பு குறையும். சுற்றுலா இடங்களிலும் ஆன்லைனிலும் விற்கும் ‘60×60’, ‘100×’ சமாச்சாரங்களில் அந்த எண்ணே பொய். ஜூம் பைனாகுலரும் வேண்டாம். பரப்பு ஒடுங்கும், இரு குழல்களும் ஒத்துப்போகாது.

ஏற்காட்டில் பைனாகுலருக்கு எமன் பூஞ்சை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் எட்டும் மலை. வீட்டுக்குள்ளேயே ஈரம் நிற்கும். நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பி மூடிய மாடலில் உள்பக்கம் பூஞ்சை வருவது அரிது. நிகான் அகுலான் 8×42 பத்தாயிரம் ரூபாய் வட்டாரத்தில் நல்ல படம் தரும், பார்வைப் பரப்பும் 140 மீட்டர். ஆனால் அது மூடப்பட்டதல்ல, கண் இடைவெளியும் (முழுப் படமும் தெரிய, கண்பக்க லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) 12 மி.மீ.தான், மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு 15-க்குக் குறையக் கூடாது. சேலத்திலேயே இருந்து மூக்கனேரியில் கொக்கு பார்ப்பவருக்கு அகுலான் போதும். மலையில் குடியிருப்பவருக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். லென்ஸுக்குள் சிலந்தி நூல் போன்ற கோடுகள் ஓடத் தொடங்கினால், அது கோட்டிங்கையே தின்றுவிடும். சுத்தம் செய்யும் கூலி பைனாகுலர் விலையை நெருங்கும்.

எந்த விலையில் வாங்கினாலும் தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கிப் பயன்படுத்துங்கள். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், தூள் இடுக்குகளில் ஏறும். துடைக்கும்போது முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிரஷ்ஷால் தட்டி, கடைசியில்தான் துணி. வேட்டி முனையால் நேரே தேய்த்தால் மணல் துகள் கோட்டிங்கைக் கீறிவிடும். டீட் கலந்த கொசு விரட்டி பூசிய கையோடு தொட்டால் ரப்பர் உறை இளகும்.

கடையில் ஐந்து நிமிடம் சோதிக்காமல் பணம் கட்டாதீர்கள். கையை நீட்டிப் பிடித்து வானத்தைக் காட்டிப் பாருங்கள்: ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரத்தில் சாம்பல் வெட்டு தெரிந்தால் மலிவு பிரிசம். செல்போன் டார்ச்சை முன் லென்ஸில் அடித்தால் பிரதிபலிப்புகள் பச்சை, ஊதா எனத் தெரிய வேண்டும். பளிச்சென்று வெள்ளையாக ஒன்று தெரிந்தால் அந்தப் பரப்பில் கோட்டிங் இல்லை. அடுத்தது முக்கியம். தூரத்து மின்கம்பியையோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையோ குறிவைத்து, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னால் இழுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து ஒன்று மேலே, ஒன்று கீழே நின்றால் குழல்கள் நேர்கோட்டில் இல்லை. அரை மணி நேரம் பார்த்தாலே தலைவலி வரும். அதை எந்தச் சலுகை விலைக்கும் எடுக்காதீர்கள். ஃபோகஸ் சக்கரத்தை இரு திசையிலிருந்தும் திருப்பி ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் வெறுமனே சுற்றினால் பல் தேய்மானம்.

எடையையும் மறக்க வேண்டாம். எம்5 630 கிராம், எம்7 670, என்எல் ப்யூர் 840. ஏற்றத்தில் மூன்று மணி நேரம் கழுத்தில் தொங்கும்போது அந்த 200 கிராம் உறுத்தும். கழுத்து வாருக்குப் பதில் இரு தோளிலும் ஏறும் வார் வாங்குங்கள்.

உயர்விலைதான் வேண்டும் என்று முடிவுசெய்தால், பழுது எங்கே பார்ப்பார்கள், அனுப்பும் செலவும் சுங்கமும் யார் தலையில் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும் முன் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு வந்தால் பல விலைப் பைனாகுலர்கள் ஒரே இடத்தில் கிடைக்கும், கேட்டால் தருவார்கள். ஒரே மரத்தை, ஒரே நிமிடத்தில், இரண்டிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பழைய உயர்விலை பைனாகுலர் பாதி விலைக்கு வந்தால் மேலே சொன்ன டார்ச் சோதனையை இருபக்கமும் செய்யுங்கள். நேர்க்குழல் மாடல் 1988-க்கு முந்தையது என்றால் விட்டுவிடுங்கள். ஃபேஸ் கோட்டிங் அந்த ஆண்டில்தான் ஸைஸ் வழியாகச் சந்தைக்கு வந்தது.