‘ஃப்ரீ சைலன்சர்’: காரைக்குடியில் பைக்கை ஆல்டர் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பிஎஸ்6 வண்டி (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது) வைத்திருப்பவர்கள், அதிலும் ஸ்ப்ளெண்டர் மாதிரி சாதாரண வண்டியை நம் வசதிக்கு மாற்றலாம் என்று காரைக்குடிப் பக்கம் விசாரித்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். ஹேண்டிலும் கேரியரும் மாற்றக் கொடுத்த என் வண்டியில், கேட்காமலேயே கம்பெனி சைலன்சரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதே அச்சில் ஒரு லோக்கல் சைலன்சரை மாட்டி அனுப்பிவிட்டார்கள். அதுவும் அன்பளிப்பு என்று சொல்லி.

என் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. ஆத்தங்குடி டைல்ஸுக்கு ஆர்டர் பிடிப்பது என் தொழில். மாதிரிக் கல் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் போக வேண்டும். சிமெண்டுக் கல், நல்ல கனம். பெட்டி ஆடினால் ஓரம் பெயர்ந்துவிடும். போதாததற்கு நான் ஆறடிக்கு மேல். ஸ்ப்ளெண்டரில் நாள் முழுக்கக் குனிந்து ஓட்டினால் சாயங்காலம் இடுப்பு கழன்றுவிடும். அதனால் ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தணும், உறுதியான கேரியர் வேணும், முன்லைட்டில் வெளிச்சம் கூடணும். இவ்வளவுதான் கேட்டது. 6,500 ரூபாய் பேசி, ஜிபேயில் முழுதாகக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது.

வண்டியை எடுக்கப் போனபோது சைலன்சர் பளபளவென்று இருந்தது. "அண்ணே, பழசு அடியில துரு ஏறி ஓட்டை விழுற மாதிரி இருந்துச்சு. நம்ம செலவுலயே புதுசு போட்டுட்டேன், காசு வேணாம்" என்றார் மெக்கானிக். அவ்வளவு பணிவு.

முதலில் பிடிபட்டது ஹேண்டில் கோளாறு. பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் நீண்ட மதிலை ஒட்டி இடது பக்கம் வளைக்கிறேன், ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை, என்ஜின் தானாக உறுமுகிறது. நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தேன். நேராக வைத்தால் ஐடிலிங் சரியாக இருக்கிறது. இடக்கோடிக்குத் திருப்பினால் ஏறுகிறது. விஷயம் இதுதான்: ஹேண்டிலை உயர்த்தினால் ஆக்ஸிலேட்டர், கிளட்ச் கேபிளெல்லாம் அதற்கேற்ற நீளத்தில் மாற்ற வேண்டும், இல்லையென்றால் இருக்கும் கேபிளை வேறு வழியாகக் கொண்டுபோக வேண்டும். இவர் பழைய கேபிளையே இழுத்து மாட்டியிருக்கிறார். என்னுடையது முன்பக்கமும் டிரம் பிரேக், அதற்கும் கேபிள்தான். அதுவும் விறைத்துப்போய் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. கூட்டத்துக்குள் வண்டி தானாக முன்னால் பாய்ந்தால் என்ன ஆகும்? எனக்கு சைலன்சரை விட இதில்தான் கோபம் அதிகம்.

லைட்டைப் பற்றிச் சுருக்கமாக: அதிகக் கரண்டைத் தாங்கும் ரிலே சுவிட்ச் கிடையாது, ஒரிஜினல் ஒயரை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது, கனெக்டர் உருகிவிட்டது. இந்த வண்டியின் பேட்டரியே 3 ஆம்பியர்-ஹவர் அளவுள்ள சின்னதுதான், அதில் என்னத்தை ஏற்றுவது? கேரியர் மட்டும் உண்மையிலேயே நன்றாகச் செய்திருந்தார்கள், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

சைலன்சர் விவகாரம் புகைச் சோதனையில்தான் வெளியே வந்தது. கார்பன் மோனாக்சைடு அளவு தாண்டிவிட்டது, சான்றிதழ் தர மாட்டோம் என்றார்கள். ஷோரூம் சர்வீஸில் கழற்றிப் பார்த்த பையன், பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியின் சைலன்சரையும் என்னுடையதையும் கையில் கொடுத்து "தூக்கிப் பாருங்க சார்" என்றான். எடை வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. உள்ளே புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே இல்லை, வெறும் குழாய். அந்தக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகம் துளி அளவாவது இருக்கும். பழைய கன்வெர்ட்டரை விலைக்கு எடுக்க ஆள் இருக்கிறது. 'ஃப்ரீ'யின் கணக்கு அப்போதுதான் புரிந்தது. கம்பெனி சைலன்சர் புதிதாக வாங்கினால் என்ன விலை என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம்.

கடைக்குப் போய்ப் பழைய சைலன்சரைக் கேட்டால், "அது காயலான் கடைக்குப் போயிருச்சுண்ணே." எந்தக் கடை? தெரியாதாம். "நீங்க சரின்னுதானே வண்டியை எடுத்துட்டுப் போனீங்க?" கடைசியில் ஆயிரம் ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். வாங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அது மாட்டியவர் தலையில் அல்ல, வண்டிக்காரர் தலையில்தான் வந்து விடியும்.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன். அதனால்தான் கடைப் பெயரை இங்கே போடவில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இதே மாதிரி ‘ஃப்ரீ சைலன்சர்’ வாங்கிய வேறு யாராவது இந்தப் பக்கம் இருந்தால், ஜிபே ரசீதையும் சர்வீஸில் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் பத்திரமாக வையுங்கள். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். முதலில் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.